பணமா, புதுக் குடியிருப்பா? முதுமலையிலிருந்து இறங்கிய எங்கள் கணக்கு

முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்த எங்கள் பாடியை, அதாவது பணியர் பழங்குடிகளான எங்கள் குடியிருப்பை, காலி செய்யும் பேச்சு வந்தபோது, இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே இடம் பார்த்துப் போவது. 2008 விதிப்படி குடும்பத்துக்கு 10 லட்சம். 2021இல் அது 15 லட்சமானது. இன்னொன்று, அதே தொகையில் வனத்துறையே நிலம், வீடு, ரோடு, தண்ணீர், கரண்ட், சுடுகாடு எல்லாம் ஏற்பாடு செய்யும் புதுக் குடியிருப்பு. 18 வயது தாண்டிய மகன் தனிக் குடும்பக் கணக்கு என்பதால் அம்மாவுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. இரண்டையும் குடியிருப்புக்கே எழுதிக் கொடுத்தோம்.

பணம் சீக்கிரம் வரும், எங்கே போவது என்பதும் நம் விருப்பம். சரிதான். ஆனால் கூடலூரில் நிலம் வாங்குவது வேறு ஊரில் வாங்குவது மாதிரி இல்லை. இங்கே பெரும்பகுதி நிலம் ஒரு காலத்தில் கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், செக்‌ஷன் 17 நிலங்களின் (அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்கள்) வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அந்த நிலங்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்ட் வாங்குவதும் கஷ்டம்.

என் பெரியப்பா மகன் பணத்தை வாங்கினார். ஒரு புரோக்கர் தேயிலையோடு ஒரு ஏக்கர் காட்டினார். முத்திரைத்தாளில் எழுதி, கைரேகை வைத்து, பணமும் கொடுத்தாகிவிட்டது. பிறகு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் விசாரித்தால், செக்‌ஷன் 17 என்றார்கள். அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் சோலார் விளக்கில்தான் படிக்கிறார்கள்.

நாங்கள் தப்பியது ஒரு சட்ட வரியால். 2006 வன உரிமைச் சட்டத்தில், புது இடத்தில் நில ஒதுக்கீடும் வசதிகளும் முடியும்வரை யாரையும் இடம் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. கிராம சபையில் அதைச் சொல்லி, பட்டா வராமல் சாமான் ஏற்றமாட்டோம் என்று நின்றோம். இழுபறிக்குப் பிறகு அம்மா பெயரில் பட்டா வந்தது.

குடியிருப்பில் குறை இல்லாமல் இல்லை. பழைய வீட்டில் மூங்கிலும் மண்ணும் போதும், ஒழுகினால் ஒரு நாளில் நாங்களே சரிசெய்துவிடுவோம். இந்தக் கான்கிரீட் கூரை முதல் ஆடி மழையிலேயே அடுப்புக்கு மேலே சொட்டியது. சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் கைக்காசு. அப்புறம், அம்மா நண்டு பிடித்த ஓடை இங்கே இல்லை. அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போக இப்போது அனுமதி கேட்க வேண்டும். வந்து மூன்று மழைக்காலம்தான் ஆகிறது. வயல் எப்படி விளையும் என்று இப்போதே சொல்ல முடியாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, இருந்த இடத்திலேயே இருப்பது. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன மலையில் சோளிகர் பழங்குடிகள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை, அதாவது ஊராகச் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் உரிமை, பெற்றார்கள். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அதைத்தான் கேட்டிருப்பார்.

இனி கையெழுத்துப் போடப் போகிறவர்கள், எந்த வழியானாலும், நிலத்தின் சர்வே எண்ணை வாங்கி, ஊரின் நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புரோக்கரோடு போகாதீர்கள்.