நிக்கான் பி950: குளக்கரையில் கைகொடுக்கும், காட்டுக்குள் தடுமாறும்

லென்ஸ் மாற்றும் கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் வாங்க லட்சங்களைக் கொட்ட முடியாதவர்களுக்கு, பறவைப் படம் என்றால் லென்ஸ் உடலோடே ஒட்டியிருக்கும் ஜூம் கேமராதான் வழி. அந்த வரிசையில் நிக்கான் கூல்பிக்ஸ் பி950, 2020-ல் வந்தது. 83 மடங்கு ஜூம். அதாவது 35 மி.மீ. கேமராக் கணக்கில் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ.க்கு இணையான குவிய நீளம். 16 மெகாபிக்சல், எடை ஒரு கிலோவை ஒட்டி. கூந்தன்குளம், விஜயநாராயணம், திருப்புடைமருதூர் என்று நம் திருநெல்வேலிப் பக்கத்து நீர்க்கரைகளுக்கு இந்தக் கேமரா எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே கைவிடும், படம் மங்கலாக வந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அந்த 2000 மி.மீ. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்பது இதைத்தான், படத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். கேமராவின் சென்சார் 6.2-க்கு 4.6 மி.மீ. மட்டுமே. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முழு ஜூமில் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப்/6.5-க்கு மேல் திறக்காது. இவ்வளவு சின்ன சென்சாரில் அந்தத் துளை வழியாக வரும் ஒளி, ஒரு பிக்சலில் அடங்காமல் அக்கம்பக்கத்துக்கும் சிதறிவிடும். பெரிய கேமராக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் கூர்மை கூடும் என்று துளையைச் சுருக்கி எஃப்/8-க்குப் போனால் சிதறல் அதிகமாகி இறகு வரிகள் இன்னும் மழுங்கும். ஆகவே இந்தக் கேமராவில் அபெர்ச்சரை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள். இதற்கு விதிவிலக்கு அரிதாகத்தான் தேவைப்படும்.

ஜூமை 1200 முதல் 1400 மி.மீ. வரை நிறுத்திக்கொண்டு, மீதித் தூரத்தைக் காலால் கடப்பதுதான் லாபம். கணக்குப் பார்த்தால் விளங்கும். முழு ஜூமில் 100 மீட்டர் தள்ளி இருப்பது சட்டகத்தில் சுமார் 1.7 மீட்டர் அகலத்துக்கு விழும். மஞ்சள் மூக்கு நாரை ஒரு மீட்டர் உயரப் பறவை, அதற்கு இது தாராளம். வெண்மார்பு மீன்கொத்தியோ சுமார் 28 செ.மீ. தான். அது சட்டகத்தில் பாதியை நிரப்ப வேண்டுமானால் 30 மீட்டருக்குள் போயாக வேண்டும். எதிர்க்கரை மீன்கொத்தியை முழு ஜூமில் எடுத்து, அதையும் வெட்டிப் பெரிதாக்கினால் கிடைப்பது நீலத் திட்டு ஒன்றுதான். 2000-க்கு மேல் போகும் டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். அது வெறும் வெட்டி ஒட்டு வேலை.

முழு ஜூம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. கூந்தன்குளத்துத் திறந்த நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் வரித்தலை வாத்துகள் கரைக்குக் கிட்டே வருவதில்லை. தலையில் அந்த இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்ய, கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு, இந்தக் காசுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. அடையாளத்துக்கு 2000, படத்துக்கு 1200 என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. அதே கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். தெருவில் நின்றபடி 300 முதல் 600 மி.மீ. போதும். அங்கே எடுக்கும் படங்களைப் பார்த்தால் இதே கேமராவா என்று கேட்பார்கள். கூட்டு மரத்தின் நேர் அடியில் மட்டும் போய் நிற்க வேண்டாம். குஞ்சுகள் மிரண்டு கீழே விழும், எச்சமும் லென்ஸில் விழும்.

அடுத்த வில்லன் கானல். இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. பங்குனி, சித்திரையில் காலை எட்டரைக்கெல்லாம் வற்றிய குளத்துத் தரை சூடேறிக் காற்று நெளியத் தொடங்கிவிடும். 80 மீட்டருக்கு அப்பால் நிற்கும் நெடுங்கால் உள்ளானின் கால்கள் தண்ணீரில் ஆடுவது போல வளைந்து வந்தால் ஃபோகஸ் தப்பவில்லை, காற்று கெட்டுவிட்டது என்று பொருள். எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் கணக்கு. கிழக்கைப் பார்த்து நிற்காமல், வெயில் முதுகில் விழும் கரையாகத் தேர்ந்துகொள்ளுங்கள். பறவையின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னுவது அந்த நேரத்து வெயிலில்தான். அந்தப் புள்ளி இல்லாத படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், செத்த பறவை மாதிரித்தான் தெரியும்.

அமைப்புகளுக்கு வருவோம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஏ முறை (அபெர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), அபெர்ச்சர் எண் மிகக் குறைவானது, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 200. நல்ல வெயிலில் முழு ஜூமிலும் ஷட்டர் நொடியில் 1/1000-ஐத் தாண்டிவிடும். காலை இளவெயிலில் 1/300 பக்கம் இறங்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, கேமராவின் நடுக்கம் தடுக்கும் வசதியோடு 1/250 வரை போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் ஐஎஸ்ஓ 400. 800-க்கு மேல் போனால் இறகு இறகாக இராது, பஞ்சு பஞ்சாகிவிடும். கேமரா 6400 வரை தருகிறது, அது இருப்பதையே மறந்துவிடலாம். ஐஎஸ்ஓவைக் கேமரா முடிவுசெய்யட்டும் என்றால் 100-லிருந்து 400-க்குள் நிற்கும்படி எல்லை வைக்க மெனுவில் வழி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒருமுறை வைத்து, டயலில் உள்ள யூ இடத்தில் சேமித்துவிட்டால் தினமும் திருக வேண்டாம்.

டயலில் பறவைப் படம் போட்ட தனி முறையும் உண்டு. புதிதாகப் பிடிக்கிறவர்களுக்கு முதல் வாரம் உதவும். வெளிச்சத்தையும் ஐஎஸ்ஓவையும் அதுவே தீர்மானிப்பதால் வெள்ளைப் பறவைகளில் காலை வாரிவிடும்.

வெள்ளைப் பறவை என்றதும் நினைவுக்கு வர வேண்டியது எக்ஸ்போஷர் திருத்தம், அதாவது கேமரா போடும் வெளிச்சக் கணக்கை நாமே கூட்டிக் குறைப்பது. வெள்ளை அரிவாள் மூக்கன், கொக்கு, கரண்டிவாயன் எல்லாம் வயலின் கரும்பச்சை முன்னால் நிற்கும்போது கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முதுகு இறகு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப் போகும். வெளுத்த இடத்தில் எந்த மென்பொருளாலும் இறகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மைனஸ் 0.7-இல் தொடங்குங்கள், உச்சி வெயில் நெருங்கினால் மைனஸ் 1. இதற்கு நேர் எதிரிடை திருப்புடைமருதூர். அங்கே ஆற்றங்கரையில் உயர்ந்த மருத மரங்களில் பறவைகள் இருக்கும். அண்ணாந்து எடுத்தால் பின்னால் வெறும் வானம். நீர்க்காகம் கரிக்கட்டையாகத்தான் விழும். பிளஸ் 1, சில நேரம் பிளஸ் 1.3 வைத்தால்தான் கண்ணும் அலகும் தெரியும். வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

இந்தக் கேமராவின் பெரிய பலவீனம் ஃபோகஸ். ஒளியும் நிழலும் எங்கே தெளிவாக மோதுகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்வது இதன் சுபாவம். உடைமரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானுக்குக் குறிவைத்தால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முள் ஒவ்வொன்றும் கத்தி போல வரும், பின்னால் பறவை பச்சை மேகமாக இருக்கும். ஃபோகஸ் பரப்பைத் தானியங்கியில் விடாமல், கையால் நகர்த்தும் மிகச் சிறிய புள்ளிக்கு மாற்றுங்கள். புள்ளி கண்ணின் மேல், கிடைக்காவிட்டால் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில். லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருந்தால் ஜூமைக் கொஞ்சம் குறைத்து ஃபோகஸ் பிடித்துவிட்டு மறுபடி நீட்டலாம். அதுவும் ஆகாவிட்டால் பக்கவாட்டு டயலால் கை ஃபோகஸ். பனைமட்டையில் அசையாமல் உட்காரும் பனங்காடைக்கு அது நன்றாகவே சரிப்படும். இன்னொன்று, முழு ஜூமில் 5 மீட்டருக்குள் இருப்பதில் ஃபோகஸ் விழாது. முற்றத்துச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், ஜூமைக் குறையுங்கள்.

பறக்கும் பறவையைத் தொடர்ந்து பிடிக்க இதனால் ஆகாது. நொடிக்கு 7 வீதம் 10 படம் வரை அடிக்கும், பிறகு அவற்றை அட்டையில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வைக்கும். அந்த இடைவெளியில்தான் நல்லது நடக்கும் என்பது வேறு விஷயம். அதனால் குறி வைத்து எடுங்கள். கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் நாரை பெரும்பாலும் வந்த வழியிலேயே திரும்பத் திரும்ப வரும். அது இறங்கும் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, ஜூம் 400 முதல் 600, ஷட்டரை நாம் வைக்கும் எஸ் முறையில் 1/1250, இறக்கையை விரித்துக் காலை நீட்டும் நேரத்தில் அழுத்தினால் போதும். கூழைக்கடாவும் மெதுவாக இறங்கும் பறவை, பழக ஏற்றது. தகைவிலான் பக்கம் போகாதீர்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் கையில் பிடித்து எடுப்பது நடக்காத காரியம். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? மலிவான முக்காலி அந்தக் காற்றில் தானே நடுங்கும். அதைவிட ஒரு பை மேல். பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பை தைத்து, முக்கால் பங்கு மட்டும் பாசிப்பயறு நிரப்பி வாயை மூடித் தைத்துவிடுங்கள். இறுக நிரப்பினால் லென்ஸ் உருளும். மடைக் கல், மறுகால் சுவர், வண்டி இருக்கை என எதன் மேலும் வைத்து லென்ஸை அமுக்கி உட்கார வைக்கலாம். வண்டி என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு. மழையில் நனைந்தால் பயறு முளைத்துவிடும், வெயிலில் காயப்போடுங்கள்.

இதற்கு முந்தைய பி900-லிருந்து மாறுவதற்கு ஒரே உருப்படியான காரணம் ரா ஃபைல், அதாவது சென்சார் பதிவுசெய்ததைச் சுருக்கித் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு. 2015-ல் வந்த அந்தப் பழைய கேமராவில் அது கிடையாது. ரா ஃபைலை நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டுடியோவிலோ ராதெரபியிலோ திறந்து, முதலில் வெளிச்சமான பகுதிகளைக் குறைத்து, பிறகு புள்ளி இரைச்சலை மிதமாகத் துடைத்து, கடைசியாக மட்டும் கூர்மையைக் கூட்டுங்கள். வரிசையை மாற்றினால் இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகிவிடும். கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு வந்தால் அதற்கென்று தனி நீக்கி இருக்கிறது. 4608 பிக்சல் அகலப் படத்தை வெட்டினாலும் 2000-க்குக் கீழே போக வேண்டாம். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் கேமராவுக்குள்ளேயே இரைச்சல் நீக்கத்தைக் குறைவில் வையுங்கள்.

பேட்டரி பி900-ஐவிடச் சீக்கிரம் தீரும். நிறுவனக் கணக்கே 290 படம்தான், ஜூமை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் வராது. கூடுதலாக ஒன்று கட்டாயம். தூசி, மழைக்கு அடைப்பு கிடையாது. தேரிச் செம்மணல் மேட்டுப் பக்கம் போனால் ஜூம் மடங்கும்போது குழலோடு தூசியும் உள்ளே போகும். மடக்கும் முன் தூரிகையால் துடையுங்கள். 67 மி.மீ. ஃபில்டர் போடலாம். மலிவான ஃபில்டர் முழு ஜூமில் படத்தை மங்கலாக்கும், கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாஞ்சோலை, முண்டந்துறைக் காட்டு நிழலுக்கு இதை நம்பிப் போக வேண்டாம். விதானத்துக்கு அடியில் எஃப்/6.5-க்கு வெளிச்சம் பற்றாது, ஐஎஸ்ஓ 1600-க்கு ஏறிவிடும். மலையில் நிறைய நடப்பவர்களுக்கு 610 கிராம் எடையுள்ள கேனான் எஸ்எக்ஸ்70 தோளுக்கு இதம், ஆனால் இருட்டில் அதுவும் இதே கதிதான். 3000 மி.மீ. பி1000-க்கு ஆசைப்படுகிறவர்கள், அது 1.4 கிலோ என்பதையும் முழு ஜூமில் எஃப்/8 என்பதையும் பார்த்துவிட்டுக் காசை எடுக்கட்டும். பழைய பி950 வாங்குவதானால் கடையிலேயே முழு ஜூமில் நீட்டித் தூரத்துக் கோபுரக் கலசத்தை எடுங்கள். படத்தின் நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா, குழலை லேசாகத் தொட்டால் ஆட்டம் இருக்கிறதா, வெள்ளைச் சுவரை எடுத்தால் கறுப்புப் புள்ளி விழுகிறதா என்று பார்க்க அஞ்சு நிமிடம் போதும்.