மூடுவதா, காவல் போடுவதா?

ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வந்தவர்களின் மூச்சும் மின்வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்ததால் 1963இல் பூட்டிவிட்டார்கள். 1983 முதல் சனம் பார்ப்பது நகலைத்தான்.

இலங்கையின் அம்பாறைக்கு அது சரிவராது என்பேன். அங்கே ஹுலன்னுகே தாருலெங்கலவில் வேடர் என்ற பழங்குடியினரின் ஓவியங்கள் இருப்பது வாய் அகன்ற பாறைக்குகையில். காற்று வந்து போகும், மூச்சால் கெடாது. இப்படியான இடங்களுக்கு எதிரி கைதான்: படம் 'பளிச்' என்று விழப் போத்தல் தண்ணியை அடிக்கிற கை, ஆணியால் காதலி பெயரைக் கீறுகிற கை. விரலால் இழுத்த வெள்ளைக் கோடு ஒரு தேய்ப்புக்கே தாங்காது.

நகல் குகைக்குக் கோடிக்கணக்கில் காசு வேணும். கையெட்டாத தூரத்தில் ஒரு வேலி, ஊர்ப்பொடியன் ஒருவனுக்குக் காவல் சம்பளம். முதலில் இதைச் செய்யட்டும். நகல் ஆசையென்றால் பள்ளிக்கூடச் சுவரில் வரையலாம்.