‘மெரினோ கிராஸ்’ குட்டி, கம்பளி வருமானம்: வடசென்னைப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

மீஞ்சூர், செங்குன்றம், மணலி புதுநகர் பக்கம் செம்மறி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். “மெரினோ கிராஸ் குட்டி சார், வருஷத்துக்கு ரெண்டு வெட்டு கம்பளி, வெட்டினதை நாங்களே எடுத்துக்குவோம்” என்று ஒரு வியாபாரி ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். மெரினோ என்பது மெல்லிய கம்பளிக்குப் பேர்போன வெளிநாட்டுச் செம்மறி இனம், கிராஸ் என்றால் அதன் கலப்பு.

நானும் மச்சானும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் கொட்டகை போட்டிருக்கிறோம். குட்டி ஒன்றுக்கு 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். நம்மூர் சிவப்புக் குட்டிக்கு நாங்கள் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. ஒரு பையில் சாம்பிள் கம்பளியும் கொண்டுவந்தார். மெல்லிய இழை, சீரான நெளிவு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் எண்ணெய்ப் பசை. அது நிஜ மெரினோதான். ஆனால் எங்களுக்குக் கொடுத்த ஆட்டின் மேல் முளைத்தது அது இல்லை.

முதல் வெட்டு முடிந்ததும் தொடைப் பக்கத்து ரோமத்தில் ஒரு கொத்தை எடுத்துக் கறுப்புத் துணியில் பிரித்துப் போட்டோம். மூன்று வகை இருந்தது. கொஞ்சம் மெல்லிய கம்பளி. நீளமாக, நேராக வெறும் மயிர். அப்புறம் சுண்ணாம்பு வெள்ளையில் குட்டையான கட்டை முடி, வளைத்தால் ஒடிகிறது. இதைக் கெம்ப் என்பார்கள். உள்ளே கூடாக இருப்பதால் சாயம் போட்டாலும் வெளுப்பாகவே தெரியும், துணியில் துருத்திக்கொண்டு குத்தும். தோள்பட்டை ரோமம் பரவாயில்லை. பின்னால் போகப் போக மோசம்.

மெட்ராஸ் ரெட் என்கிற நம் சிவப்பு ஆடு கறிக்கான ஆடு, அதன் மேல் இருப்பது மயிர். அதை மெரினோவோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ரோமம் எடையில் கூடும். தரம் இப்படித்தான் கலந்துகட்டி வரும். நல்ல கம்பளி இனம் ஒரே தலைமுறையில் வந்துவிடாது. நீலகிரி ஆட்டை 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்று சீமை ஆடுகளெல்லாம் கலந்து உருவாக்கினார்கள். பாரத் மெரினோவை ராஜஸ்தான் அவிகாநகர் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஏற்கெனவே கம்பளி தரும் சோக்லா, நாலி போன்ற இனங்களிலிருந்து ராம்பூலே (பிரான்ஸ் நாட்டு மெரினோ வகை), மெரினோ ரத்தம் 75 சதவீதம் வரும்வரை தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அதை வைத்திருப்பது கொடைக்கானல் மலையில், மன்னவனூரில். எண்ணூர் புழுக்கத்தில் இல்லை.

அந்தப் புழுக்கம் என்ன செய்யும் என்பதை ஐப்பசி மழையில் பார்த்தோம். நனைந்த ரோமம் காயவே இல்லை. வாலடியில் ஈ முட்டையிட்டு, மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே புழு. டாக்டர் ரோமத்தை ஒட்ட வெட்டித்தான் மருந்து போட்டார். “இதுல மெரினோ எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியாது. வெறும் குரும்பை ஆட்டுக் கலப்பாவும் இருக்கலாம்” என்றார். குரும்பை என்பது கோயம்புத்தூர்ப் பக்கத்து முரட்டுக் கம்பளி ஆடு. பக்கத்திலேயே நின்ற சிவப்பு ஆடுகளுக்கு ஒன்றுமில்லை.

வெட்டின ரோமத்தை எடுக்கச் சொன்னதற்கு வியாபாரி வந்தார், பார்த்தார், “தரம் பத்தல சார், முதல் தலைமுறை அப்படித்தான். நம்மகிட்ட கிராஸ் கிடா இருக்கு, அதைப் போடுங்க, அடுத்த ஈத்துல சரியாயிடும்” என்றார். சரியான கெட்டிக்காரர். கலப்புக் கிடாவைக் கலப்புப் பெட்டைக்குப் போட்டால் ஒரு குட்டி கம்பளியாக, இன்னொன்று மயிராகப் பிறக்கும். மெரினோ பங்கு அதிகமாகாது. அதிகமாக வேண்டுமென்றால் சுத்த மெரினோ கிடாதான் வேண்டும். அந்தக் கிடாவை வாங்க மாட்டோம் என்றதிலிருந்து போன் சுவிட்ச் ஆஃப்.

கறிக்காவது தள்ளிவிடலாம் என்று புளியந்தோப்பில் கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்டோம். “கறி போகும் தம்பி, ஆனா தோலுக்குப் பெரியமேட்டுத் தோல் மண்டியில காசு குறைப்பான்” என்றார். மயிராட்டுத் தோல் இறுக்கமானது, உறுதியானது. நம் பக்கத்து ஆட்டுத் தோலுக்கு இருக்கும் மவுசே அதற்காகத்தான். கம்பளி ஆட்டுத் தோல் தளர்ந்திருக்கும். ஆக, கம்பளிக்கும் காசில்லை, தோலிலும் நஷ்டம்.

யாராவது உங்களிடம் வந்தால் சாம்பிள் பையைத் தொடாதீர்கள். தாய் ஆட்டையும் கிடாவையும் நேரில் காட்டச் சொல்லுங்கள், காது வில்லை எண்ணோடு பதிவேட்டைக் கேளுங்கள். தொடை ரோமத்தை நீங்களே பிரித்துப் பாருங்கள். “நாங்களே எடுத்துக்குவோம்” என்பதைத் தரம், விலை, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்த ரசீதில் ‘ஆடு’ என்று மட்டும்தான் இருந்தது. ஸ்டேஷனில் அதைப் பார்த்துவிட்டு, ஆடு கொடுத்திருக்கிறாரே, இதில் என்ன மோசடி என்று கேட்டார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே ஆளிடம் வாங்கியவர்கள் ரசீதோடு தொடர்புகொண்டால் சேர்ந்தே போடலாம்.