7 வருசம் றெயில்ஸோட, ஒரு வரி மேல கீழ மாறினதால போன ரெண்டு இரவு

சித்தியின்ர மகன் கிளிநொச்சி அறிவியல் நகர்ல இஞ்சினியரிங் படிக்கிறான். போன ஞாயிறு வீட்ட வந்தவன் "அண்ணா, புரொஜெக்டுக்கு றெயில்ஸ் எடுக்கட்டோ, நீங்கள் உதை வச்சுத்தானே இவ்வளவு நாளும் உழைக்கிறியள்" எண்டு கேட்டான். றெயில்ஸ் எண்டது ரூபி மொழியில வெப் சிஸ்டம் கட்டுற சாமான். வேற நாள் கேட்டிருந்தா ஓம் எண்டு ஒரு சொல்லில முடிச்சிருப்பன். அவன் கேட்டது நான் ரெண்டு இரவு நித்திரை முழிச்சு அழிஞ்ச 37 நெல் வரவுப் பதிவைத் திருப்பி எடுத்து வச்சதுக்கு அடுத்த நாள், அதால மறுமொழி நீண்டு போச்சு, அதையே இஞ்சயும் எழுதிவிடுறன்.

நான் 2018 இல றெயில்ஸ் 5.2 பதிப்பு வந்த நேரம் தொடங்கினனான். இப்ப 7 இல ஓடுது. பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லுக்குச் செய்து குடுத்த சிஸ்டம்தான் பழசு. விவசாயி ஒராள், அவருக்குக் கீழ நெல் வரவு, முற்பணம், சாக்குக் கணக்கு, அவ்வளவுதான் டேபிள். பெரிய விஞ்ஞானம் ஒண்டும் இல்லை.

மாசி கடைசி, காலபோக வெட்டு நடக்குது, மில் வாசல்ல விடிய ஆறு மணிக்கே லான்ட்மாஸ்டர் வரிசை. உந்த நேரத்தில அங்க கணக்கில நிக்கிற பிள்ளை பாத்திருக்கு, ஒரே ஆளின்ர பேர் ரெண்டு தரம் கிடக்கு, ஒண்டில இனிசலுக்குப் பக்கத்தில புள்ளி இருக்கு, மற்றதில இல்லை. ஒண்டு வெறும் பதிவு, மற்றதிலதான் எல்லா வரவும். பிள்ளை அழிக்கிற பட்டனை அமத்தினது மற்றதில. அவவில பிழை சொல்லேலாது, ஏன் எண்டா "வரவு இருந்தா சிஸ்டம் அழிக்க விடாது, பயப்பிடாம அமத்துங்கோ" எண்டு படிப்பிச்சு விட்டதே நான்தான். அமத்தினதும் "விவசாயி நீக்கப்பட்டார்" எண்டு பச்சை எழுத்தில வடிவா வந்திருக்கு. அந்தாள் காசு வாங்க முன்னால நிக்கிறார், திரையில அவரின்ர பேரில வெறும் பதிவு மட்டும்தான் கிடக்கு.

எனக்கு கோல் வரேக்க மணி பதினொண்டு. முதல் நான் நம்பேல்ல, ஏன் எண்டா காவல் போட்டிருந்தனான், பிஃபோர் டிஸ்ட்ரோய் எண்டு ஒரு கோல்பேக், அதாவது அழிக்க முதல் தானா ஓடுற துண்டு கோட், வரவு ஒண்டாவது இருக்கோ எண்டு பாக்கும், இருந்தா த்ரோ அபோர்ட், அழிக்கிறதை நிப்பாட்டு எண்டு அர்த்தம். 2021 இல எழுதினது. பழைய ஆக்கள் ரிட்டர்ன் ஃபோல்ஸ் போட்டு நிப்பாட்டுவினம், 2016 இல றெயில்ஸ் 5 வந்த பிறகு அது செல்லாது, த்ரோ அபோர்ட்தான் போடவேணும், அந்தப் பிழையோ எண்டு பாத்தன், இல்லை, அது சரியாத்தான் கிடந்தது. பேந்து லொக்கைத் திறந்தன், டேட்டாபேசுக்குப் போன கட்டளை எல்லாம் வரிசையா பதிஞ்சு கிடக்கிற ஃபைல்.

அந்த லொக்கை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. முதல் வரி பிகின், ட்ரான்ஸக்சன் தொடக்கம். அடுத்தது வரவு எல்லாத்தையும் எடுக்கிற செலக்ட். பிறகு டிலீட், டிலீட், டிலீட், ஒண்டொண்டா 37 தரம். அதுக்குப் பிறகுதான் ஒரு சின்னச் செலக்ட், லிமிட் 1, அதாவது என்ர காவல்காரன் இப்பத்தான் எழும்பி வந்து "வரவு ஏதும் இருக்கோ" எண்டு கேக்கிறார். இல்லை எண்டு மறுமொழி. அப்ப சரி எண்டு விவசாயியையும் டிலீட், கொமிட், அதோட எல்லாம் உறுதி. யானை வயலைத் திண்டு முடிச்சுக் காட்டுக்க போன பிறகு கொட்டிலுக்கால இறங்கி வந்து டோர்ச் அடிச்சு "ஒண்டையும் காணேல்லையே" எண்டு சொல்லுற மாதிரி. எல்லாம் ஒரே ட்ரான்ஸக்சனுக்குள்ளதான் நடக்குது, அந்த இடத்திலயாவது அபோர்ட் எண்டிருந்தா 37 உம் திரும்பி வந்திருக்கும், ஆனா அவர் பாத்த நேரம் உண்மையிலயே ஒண்டும் இல்லை, பாவம்.

காரணம் என்னெண்டா, ஒரு விவசாயிக்குக் கன வரவு எண்டு சொல்லுற ஹேஸ் மெனி வரியில டிபென்டன்ட் டிஸ்ட்ரோய், அதாவது ஆளை அழிச்சா வரவையும் அழி எண்டு போட்டா அதுவும் உள்ளுக்க ஒரு பிஃபோர் டிஸ்ட்ரோய் கோல்பேக்தான். இப்பிடியான கோல்பேக் எல்லாம் எழுதின ஒழுங்கிலதான் ஓடும். ஹேஸ் மெனி மேல, என்ர காவல் கீழ, அவ்வளவுதான் விசயம். காவலை மேல தூக்கினா சரி, இல்லாட்டி காவல் வரியில, முன்னுக்கு ஓடு எண்டு சொல்லுற பிரிபென்ட் ட்ரூ போட்டா சரி. இது றெயில்ஸ் கைட்டிலயும் எழுதிக் கிடக்கு, நான் வாசிக்கேல்ல, அதை ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா எனக்கு விசர் வாறது எங்க எண்டா, மொடல் ஃபைலில ஹேஸ் மெனி மாதிரி உறவுகளை மேல எழுதி கோல்பேக்கைக் கீழ எழுதிறதுதான் எல்லாரும் செய்யிற ஒழுங்கு. ஒழுங்கா எழுதினவனுக்குத்தான் இது விழும், கண்டபடி எழுதினவன் தப்பிடுவான். ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சத்தம் இல்லை. உப்பிடிச் சின்னச் சின்னதுக்கெல்லாம் டிப்ரிகேசன், இது இனி இல்லாமப் போகும் எண்டு மஞ்சளா எழுதித் தள்ளுற சாமான், இதுக்கு வாய் திறக்காது.

சரி, நியாயமாச் சொல்லவேணும். 2021 க்கு முதல் டிபென்டன்ட் ஒண்டும் போடாமத்தான் இருந்தது, வரவு இருக்கேக்க ஆளை அழிக்க விடாத ஃபொரின் கீ டேட்டாபேசில இருந்தபடியா அழிக்கப் போனா 500 எண்டு சேர்வர் பிழை காட்டுற ஒரு அசிங்கமான பக்கம் வரும். எனக்கு அது வெக்கமா இருந்தது, சோதனைக்குப் போட்ட விவசாயியளையும் அழிக்கேலாமக் கிடந்தது, அதுக்காகத்தான் டிபென்டன்ட் டிஸ்ட்ரோய் போட்டு, அதுக்குக் கீழ காவலும் போட்டன். அந்த 500தான் உண்மையான காவல்காரன் எண்டு இப்ப விளங்குது. சோதிச்சுப் பாக்கேல்லையோ எண்டு கேப்பியள். கட்டளை அடிச்சுப் பாக்கிற கொன்சோலில காவல் மெதட்டை மட்டும் தனியக் கூப்பிட்டுப் பாத்தனான், வடிவா நிப்பாட்டினது. வரவு உள்ள ஒரு விவசாயியை முழுசா ஒருக்கா அழிச்சுப் பாக்கேல்ல. 

மீட்ட கதை சுருக்கமாச் சொல்லுறன். இரவு ரெண்டு மணிக்கு எடுத்த பேக்கப்பை வேற டேட்டாபேசில விரிச்சு 33 வரவையும் பழைய ஐடியோடயே திருப்பிப் போட்டன். மிச்சம் 4 அண்டைக்கு விடிய வந்த லோட், பேக்கப்பில இல்லை. பில் புத்தகத்தில கார்பன் கொப்பி கிடந்தது, சாக்கு எத்தினை, கிலோ எத்தினை, ஈரப்பதம் எத்தினை எண்டு பிள்ளை கையால எழுதினது, ஒண்டில மட்டும் 8 ஓ 3 ஓ தெரியேல்ல, அந்த ஐயாவையே கூப்பிட்டுக் கேட்டு எழுதினம். அவர் ஒண்டும் கோவிக்கேல்ல. முதலாளிதான் முற்பணமும் அழிஞ்சிருக்கோ எண்டு மூண்டு தரம் கேட்டவர். வரவைப் பற்றி ஒருதரம்தான் கேட்டவர்.

இப்ப காவலையும் தூக்கிப்போட்டு, டிஸ்ட்ரோயையும் தூக்கிப்போட்டு, வரவு இருந்தா அழிக்க விடாத ரெஸ்ட்ரிக்ட் வித் எரர் போட்டிருக்கிறன். முதல் நாளே போட்டிருக்கவேண்டியது. அதிலயும் ஒரு பொறி கிடந்தது: வரவு இருந்தா டிஸ்ட்ரோய் சும்மா ஃபோல்ஸ் எண்டு திரும்பும், வெடிக்காது, பட்டனை அமத்தினா ஓடுற என்ர கொன்ட்ரோலர் அதைப் பாக்காம அடுத்த பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணி அதே பச்சை எழுத்தைக் காட்டிச்சு. ஆள் அழியேல்ல, ஆனா அழிஞ்சிட்டார் எண்டு சொல்லுது! அதையும் இஃப் போட்டுத் திருத்தினன். டிலீட் வேற டிஸ்ட்ரோய் வேற எண்டதையும் தம்பிக்குச் சொன்னன், டிலீட் கோல்பேக் ஒண்டையும் கூப்பிடாது, நேர டேட்டாபேசுக்குப் போற எஸ்கியூஎல் கட்டளைதான். 6.1 இல இருந்து டிஸ்ட்ரோய் அசிங்க் எண்டும் ஒண்டு இருக்கு, பின்னுக்கு ஜொப்பா ஓடி அழிக்கும், நான் அந்தப் பக்கமே போகமாட்டன்.

மற்றப்படி குறை சொல்ல எனக்கு வாய் வரேல்ல. அண்டைக்கு ராத்திரி கரண்ட் போய், போன் ஹொட்ஸ்பொட்டில, லப்டொப் பற்றரி 20 இல நிக்கேக்க, கொன்சோலைத் திறந்து ஆறு வரி எழுதி 33 வரவையும் ஒரே ட்ரான்ஸக்சனில ஏத்தினன், மொத்தக் கிலோவையும் அங்கயே கூட்டிப் பாத்தன், பேக்கப்பில உள்ளதோட அப்பிடியே சரி. 5.2 இல இருந்து 7 க்கு ஏத்தேக்கயும் மில் ஒரு நாள் நிக்கேல்ல. அந்த லொக் மட்டும் இவ்வளவு தெளிவா இல்லாட்டி நான் இப்பவும் தேடிக்கொண்டுதான் இருப்பன்.

தம்பிக்கு எடுக்காத எண்டுதான் சொன்னன். "இவ்வளவு நல்லாச் சொல்லிப்போட்டு ஏன் வேண்டாம் எண்டுறியள்" எண்டு கேட்டான், எனக்கு நித்திரை வருது போ எண்டு அனுப்பிட்டன். புதுக்குடியிருப்பில ஒரு உரக் கடைக்காரர் சிஸ்டம் கேட்டவர், நேற்று அதுக்குப் புது புரொஜெக்ட் தொடங்கிற றெயில்ஸ் நியூ கட்டளையை அடிச்சாச்சு, அதை அவனுக்குச் சொல்லேல்ல.