மூட்டுவலிக்கு மெடிக்கலில் கவரில் போட்டுத் தரும் மாத்திரை: உஷாராக இருங்கள்

வீட்டில் மூட்டுத் தேய்மானமும் பிரஷரும் சேர்ந்து இருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பிரஷருக்கு டெல்மிசார்டனும், நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை பல வருஷமாகப் போகிறது. நான் வெளியூரில் இருந்த சமயம், டாக்டர் எழுதிய அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று பக்கத்து மெடிக்கலில் போய்ச் சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர், "அதெல்லாம் பழைய மருந்தும்மா. இது புதுசு, பவர் ஜாஸ்தி, வயித்தை ஒண்ணும் பண்ணாது" என்று எடோரிகாக்சிப் 90 மில்லிகிராமைத் தினமும் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சீட்டு கேட்கவில்லை. பிரஷர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் ஊருக்கு வந்தபோது அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிரஷர் 180/100. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், முன்பு 0.9 இருந்தது, இப்போது 2.4. மாத்திரைக் கவரைத் தேடி எடுத்தால், உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டு. மருந்தின் பெயரில் பாதி, 90 என்ற எண், அவ்வளவுதான். காலாவதித் தேதி இருந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்தே. இந்த ரகம் வயிற்றில் புண் வருவதைக் குறைக்கும்தான். ஆனால் சிறுநீரகத்துக்குப் பழைய மருந்துகள் செய்யும் கெடுதலை இதுவும் செய்யும், பிரஷரையும் ஏற்றும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பில் இருக்கும் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தமே இல்லாமல் போகிறது. டாக்டர் இதைத் தாளில் வரைந்து காட்டினார்.

"பவர் ஜாஸ்தி"யும் சரியில்லை. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஒப்பீட்டில், மூட்டுத் தேய்மான வலியைக் குறைப்பதில் பழைய டைக்ளோஃபெனாக் 150 மில்லிகிராமும் எடோரிகாக்சிப்போடு முன்வரிசையில்தான் நின்றது. அதோடு மூட்டுத் தேய்மானத்துக்கு எடோரிகாக்சிப் 30, மிஞ்சினால் 60 மில்லிகிராம்தான் அளவு. 90 முடக்குவாதத்துக்குக் கொடுப்பது. புதுசு என்றால் நல்லது என்றும் இல்லை. இதே ரகத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் மாரடைப்பை அதிகப்படுத்துகிறது என்று தெரிந்ததும் 2004-ல் மெர்க் கம்பெனியே உலகம் முழுவதும் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

நேரில் போய்க் கேட்டேன். "அம்மாதானே கேட்டு வாங்கினாங்க" என்றார். பில் கேட்டேன், தரவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. வெட்டிய அட்டையையும் கவரையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தியதும் கிரியேட்டினின் மெல்ல இறங்கி இப்போது 1.2. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுகிறார்; அது ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. தொடைத் தசைக்கு பிசியோதெரபியும் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, இரண்டு மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.