எஸ்.எச்.எஸ்.ஏ.டி. தேர்வு: பணம் கட்டிய கோச்சிங்கும் இலவசக் கையேடும்

நியூயார்க்கில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உட்பட எட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்த ஒரே தேர்வுதான் வாசல். பள்ளி மார்க்கையோ ஆசிரியர் பரிந்துரையையோ பார்க்க மாட்டார்கள். மகளைக் குவீன்ஸில் ஒரு கோச்சிங் சென்டரில் ஓராண்டு சேர்த்திருந்தோம், சனிக்கிழமைதோறும் வகுப்பு, இரண்டாயிரம் டாலருக்கு மேல் செலவு.

நேரத்தைக் கையாள நன்றாகவே பழக்கினார்கள். மூன்று மணி நேரத்தில் ஆங்கிலமும் கணிதமும் சேர்த்து 114 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, தவறான விடைக்கு மார்க் குறையாது, அதனால் எதையும் விடாமல் குறித்துவிட்டு வரவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

ஆனால் கணக்கைச் சொல்லித் தரவில்லை, குறுக்குவழியைத்தான் சொல்லித் தந்தார்கள். சிவப்பு, நீலப் பந்துகள் 3:5, சிவப்பில் மட்டும் 12 சேர்த்தால் சமம் என்றால் 'இரண்டு பங்கு 12, ஒரு பங்கு 6' என்று நொடியில் சொல்வாள். ஒருநாள் இரவு, இரண்டிலுமே 12 சேர்த்தால் 3:4 ஆகிறது என்று மாற்றிக் கேட்டேன். அதே 6-ஐ எழுதிவிட்டு விடை ஒத்துவராமல் விழித்தாள், எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதவே அவளுக்குத் தெரியவில்லை, பள்ளியில் அதுவரை வந்திருக்கவில்லையாம். அப்புறம்தான் நகரக் கல்வித் துறை இலவசமாகத் தரும் கையேட்டை எடுத்தோம். ஒவ்வொரு விடைக்கும் படிப்படியாக விளக்கம் இருக்கிறது, அவளுக்கு உண்மையில் உதவியது அதுதான்.

இன்னொரு குறை, 2025 முதல் தேர்வு கணினிக்கு மாறியது. சென்டரில் கடைசிவரை காகிதத்தில்தான் மாதிரித் தேர்வு வைத்தார்கள். திரையில் வாசித்து ரஃப் தாளில் போட்டுப் பார்க்க நாங்களே வீட்டில் பழக்கினோம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரித் தேர்வு, சிபாரிசு செல்லாது என்பது எனக்குப் பிடித்த விஷயம், அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் 2019-இல் ஸ்டைவசன்டில் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். சமன்பாடே சொல்லித் தராத பள்ளியில் படிக்கும் பிள்ளையும் அதே தேர்வைத்தான் எழுதுகிறது, நமக்காவது வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருந்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றால், கோடை வகுப்பு முடித்துச் சேர டிஸ்கவரி என்ற வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை.

மகளுக்குப் புரூக்ளின் டெக் கிடைத்தது. சென்டருக்கு ஐந்துக்கு இரண்டு, கையேட்டுக்கு நாலரை. முதலில் கையேட்டில் ஒரு தேர்வு எழுத வையுங்கள், எங்கே இடறுகிறது என்று பார்த்த பிறகு பணம் கட்டலாமா என்று யோசியுங்கள். எங்கள் பிரதி இப்போது கீழ்வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது, ஞாயிறு காலையில் என் மகள்தான் அவளுக்குச் சமன்பாடு சொல்லித் தருகிறாள்.