எம்பிபிஎஸ்ஸா, பிஎஸ்சி நர்சிங்கா?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பயாலஜி எடுத்த பிள்ளைகளைக் கேட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியைத்தான் கைகாட்டுவார்கள். ஆசை சரி. எம்பிபிஎஸ்ஸுக்கு நீட் எழுதணும். நாலரை வருஷப் படிப்பு, அதன்மேல் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரிப் பயிற்சி. எம்டி, எம்எஸ் என்று மேற்படிப்பு என்றால் இன்னொரு நீட், இன்னும் மூன்று வருஷம். அதுவரை வீடு தாங்குமா? 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சீட் கிடைத்தால் கட்டணம் அரசுடையது. அவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஒரு கை பார்க்கலாம்.

நர்சிங் நாலே வருஷம். நைட் டியூட்டி இடுப்பை ஒடிக்கும். ஆனால் டிரிப்ஸ் போட நரம்பு தேடுவதிலிருந்து, பயந்துபோன பாட்டியைச் சமாதானப்படுத்துவது வரை நோயாளியோடு அதிக நேரம் இருப்பது நர்ஸ்தான். நீட் கோச்சிங்குக்குக் கடன் வாங்கணும் என்றால் என் ஓட்டு நர்சிங்குக்கே.